ஈரானின் அமெரிக்கப் பகை மதத்தில் பிறந்ததா?

ஈரானியர்கள் அமெரிக்காவை வெறுப்பதற்கு அவர்களுடைய ஷியா மதமே காரணம் என்கிறார்கள். தாய்ப்பாலோடு ஊறிய பகையாம், எந்தப் பேச்சுவார்த்தையாலும் தீராதாம். போர்ப் பேச்சு எழும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் இதை அடித்துச் சொல்கிறார்கள். குண்டு போடுவதற்கு முன்பே ஒரு மக்களைத் திருத்த முடியாதவர்கள் என்று முத்திரை குத்தும் வாதம் இது. இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

மதம்தான் வேர் என்றால் 1909இல் அந்தப் பகை எங்கே போயிருந்தது? தப்ரீஸ் நகரில் கிறித்தவ மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த அமெரிக்க இளைஞர் ஹோவர்ட் பாஸ்கர்வில், மன்னரை எதிர்த்து அரசியல் சட்டத்துக்காகப் போராடியவர்களோடு சேர்ந்து சண்டையிட்டு உயிர்விட்டார். அந்த ஷியா நகரம் அவரைத் தன் தியாகியாக ஏற்றுக்கொண்டது. 1911இல் நாட்டின் நிதி நிர்வாகத்தைச் சீர்செய்யப் பொறுப்பேற்றவரும் மார்கன் ஷஸ்டர் என்ற அமெரிக்கர்தான்.

எல்லாம் திரிந்தது 1953இல். எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்க்க சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் கைகோத்தன. மொசாதேக் மதவாதி அல்லர். அதைவிட முக்கியம், அன்று செல்வாக்கோடு இருந்த மதகுரு ஆயத்துல்லா காஷானி அவரைக் கைவிட்டு எதிரணிப் பக்கம் போனார். மதத்தைக் குற்றம் சொல்பவர்கள் இதை மட்டும் பேசுவதே இல்லை. பின்னாளில் புரட்சியை வழிநடத்திய மதகுரு கோமெய்னி 1964இல் நாடுகடத்தப்படக் காரணமான உரையும், அமெரிக்க ராணுவத்தினர் ஈரானில் குற்றம் செய்தால் ஈரானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற சட்டத்தை எதிர்த்துப் பேசியதுதான். பிறகு ஈராக்கோடு வந்த எட்டாண்டுப் போரில் அமெரிக்கா சதாம் உசேனுக்குத் துணைநின்றது. 1988இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டார்கள். இத்தனைக்கும் பிறகு கோபப்பட மதம் எதற்கு?

அதற்காக மதத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கர்பலாவில் நபியின் பேரன் ஹுசைனைக் கொன்ற படைக்கு அரசனான யஸீதின் இடத்தில் மன்னர் ஷாவைப் போராட்டக்காரர்கள் நிறுத்தினார்கள். 1978 டிசம்பரில் முஹர்ரம் ஊர்வலமே புரட்சி ஊர்வலமானது. அமெரிக்காவுக்குச் சூட்டிய 'மாபெரும் சைத்தான்' என்ற பட்டமும் மதம் தந்ததே. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கோபத்துக்கு மதம் மொழியைக் கொடுத்தது, அவ்வளவுதான். பகையை மதம் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இன்னொரு சான்று: அண்டை நாடான அஜர்பைஜானும் ஷியா பெரும்பான்மை நாடு. ஈரானுக்கு அதனோடு ஓயாத உரசல், கிறித்தவ ஆர்மீனியாவோடு நல்லுறவு.

"சரி, பள்ளியிலேயே ஊட்டிவிட்டார்களே" என்பார்கள். ஊட்டத்தான் செய்தார்கள். 1979இல் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்ட நவம்பர் 4 அங்கே மாணவர் தினம். ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பேரணிக்கு அழைத்துவந்து "அமெரிக்கா ஒழிக" என்று முழங்கவைக்கிறார்கள். ஆனால் ஊட்டியதெல்லாம் உடம்பில் ஒட்டியதா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தெஹ்ரான் இளைஞர்கள் மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்தினார்கள். 2020இல் ஒரு பல்கலைக்கழக வாசலில் மிதிப்பதற்காகவே வரையப்பட்ட அமெரிக்கக் கொடியை மாணவர்கள் பலர் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். 2002இல் எடுத்த கருத்துக்கணிப்பில், அமெரிக்காவோடு பேச வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. அந்தக் கணிப்பை எடுத்ததற்காகச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அப்பாஸ் அப்தி. 1979இல் அதே தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர்களை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.