பச்சை உடம்பும் பழிச்சொல்லும்

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கு ஐந்து மாத இடைவெளிக்குப் பின் தோழி ஒருவர் வந்திருந்தார். கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து, ஓய்வும் முடிந்து, அன்றுதான் முதன்முதலாகப் பொதுவிடத்துக்கு வருகிறார். மேடையிலிருந்த மூத்த அன்பர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, “நம் பேராசிரியருக்கு ஓய்வு நன்றாகவே ஒத்துக்கொண்டிருக்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தை வீணாக எழுதி வைக்கவில்லை” என்றார். அரங்கு சிரித்தது. தோழியும் சிரித்தார். இடைவேளையில் அவர் எழுந்து போய்விட்டதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

அன்பரின் பெயர் இங்கு தேவையில்லை. அந்தக் குரல் அவர் ஒருவருடையதாக இருந்தால் இப்படி எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அது வீட்டுக் கூடத்திலும் கல்லூரி ஆசிரியர் அறையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்கிற குரல். ஆகவே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடுகிறோம். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் அறுவைக்குப் பின் கட்டிலில் கிடந்து எடை கூடி எழுந்தவர்களைக் குறிக்கும். ‘நாம்’ என்பது, சிரித்தவர்களையும் சேர்த்து, நம் எல்லோரையும் குறிக்கும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்தில் நாங்கள் கேட்கும் சொல், “பாதியாகிவிட்டாயே, நன்றாகச் சாப்பிடு.” மூன்றாம் மாதத்தில் கேட்கும் சொல், “என்ன இப்படி உடம்பு போட்டுவிட்டாய்?” இரண்டையும் சொல்வது ஒரே வாய். நடுவில் தட்டில் சோற்றை வைத்ததும் அதே கைதான். ஊட்டியவர் குற்றமற்றவராகவும் உண்டவர் குற்றவாளியாகவும் ஆகிற இந்த விசித்திர நீதிமன்றத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நம் அடுக்களைக்கு ஒரு பெண் உடல் தளர்ந்து படுக்கிற நிகழ்ச்சி ஒன்றுதான் நன்றாகத் தெரியும்: பிரசவம். அதற்கென்று பூண்டுக் குழம்பு, நெய், பால், லேகியம் என்று தலைமுறை தலைமுறையாக வந்த பத்திய முறை இருக்கிறது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பாலூட்டும் தாயின் உடல் அதற்காக மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி செலவிடுகிறது. ஆனால் கருப்பையே அகற்றப்பட்டவரையும் ‘பச்சை உடம்பு’ என்று அதே பெயரிட்டு அதே பத்தியத்தில் வைக்கிறோம். அவர் பாலூட்டவில்லை. நடமாட்டமும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. செலவில்லாத கணக்கில் வரவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கலோரி. இரண்டு கரண்டி நெய்யும், சர்க்கரை போட்ட சத்துமாவுப் பானம் அரை டம்ளரும் சேர்ந்தால் வழக்கத்துக்கு மேல் 300 கலோரி எளிதில் வந்துவிடும். ஆறு வாரத்துக்கு 12,600. உடலில் ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொண்டால், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடியாகிவிட்டது. இதில் நோயாளி பேராசைப்பட்டு உண்ட கவளம் ஒன்றுகூட இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் மாமியார் மனம் நோகும், அம்மா கண் கலங்குவாள் என்று விழுங்கியவைதாம் அத்தனையும். வேடிக்கை என்னவென்றால், காயம் ஆறுவதற்கு உடல் உண்மையில் கேட்பது புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஓர் இட்டலியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். நாமோ முட்டையும் மீனும் பருப்பும் ‘புண்ணில் சீழ் வைக்கும்’ என்று விலக்கிவிட்டு, இட்டலியின் மேல் நெய்யை ஊற்றுகிறோம்.

அடுத்தது படுக்கை. படுக்கை ஓய்வின் கேடுகளைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது 1947இல். நோயாளியைக் கிடத்தி வைத்தால் தசை கரையும், குருதி உறையும், மலம் கட்டும், மனம் சோரும் என்பது அன்றே சொல்லப்பட்டுவிட்டது. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட் முன்வைத்த முறை உலகெங்கும் பரவிய பிறகு, அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மருத்துவமனையின் நடைகூடத்தில் செவிலியர் எங்களை நடத்தியே அனுப்புகிறார். வீட்டு வாசலில் அந்த நடை நின்றுபோகிறது. “எடை தூக்காதே” என்பது மருத்துவர் சொன்னது. வீடு அதை “நடக்காதே” என்று மாற்றிக்கொள்கிறது. காற்றுப் படக்கூடாது, வெயில் படக்கூடாது, படியிறங்கக்கூடாது. ஆனால் மூன்றாம் வாரத்திலேயே இட்டலிக் குண்டானை இறக்கி வைக்கலாம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம், அதற்குத் தடையில்லை. தெருமுனை வரை நடந்தால் உடம்பு கெடும், அடுப்படியில் நின்றால் கெடாது என்பது எந்த மருத்துவ நூலில் உள்ளது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், யார் கையிலும் இல்லாத காரணங்களும் உண்டு. கருப்பையோடு சூலகங்களும் எடுக்கப்பட்டால், இயல்பாகப் பல ஆண்டுகளில் நிகழ வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, இரவுகளில் உடல் கனன்று தூக்கம் கெடுகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டுகிறது, உடலில் நீரைத் தேக்குகிறது. நரம்பில் ஏற்றப்பட்ட ஒரு லிட்டர் உப்புநீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அறுவைக்கு மூன்றாம் நாள் எடை பார்த்துவிட்டு அழுத ஒருவரை நாங்கள் அறிவோம். அவர் அழுதது பெரும்பாலும் நீருக்காக. அதை அவரிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இனி வள்ளுவருக்கு வருவோம். அன்பர் மேற்கோள் காட்டிய 95ஆம் அதிகாரத்தை முழுமையாகப் படித்திருந்தால் அந்த நகைச்சுவை அவருக்குத் தோன்றியிராது. அதிகாரத்தின் முதற்குறள் மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்கிறது. அதையடுத்த ஆறு குறள்கள் உணவின் அளவு பற்றியவை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தென ஒன்று வேண்டியதில்லை என்று தொடங்கும் பகுதி அது. அதாவது, நோய் வாராமல் காப்பதற்குச் சொன்னது. நோய் வந்துவிட்டவரைப் பற்றிப் பேசுவன இறுதி மூன்று குறள்கள். அவற்றில் அளவாக உண்ணவில்லையே என்ற இடித்துரை எங்கும் கிடையாது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்க என்கிறார். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதிச் செய்க என்கிறார். நிறைவாக, மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என்னும் நான்கு கூறுகளையும் கொண்டது என்கிறார்.

இந்த நான்காம் கூறாகிய உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் இலக்கணமும் வகுத்திருக்கிறார். நோயாளியிடம் அன்பு வேண்டும், மனமும் மொழியும் மெய்யும் தூய்மையாக இருக்க வேண்டும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை வேண்டும், அறிவு வேண்டும். நம் வீடுகளில் முதலாவது தாராளமாக இருக்கிறது. அதை மறுத்தால் நாங்கள் நன்றி கொன்றவர்களாவோம். மூன்றாவது இருந்திருந்தால் “எடை தூக்காதே” என்பது “நடக்காதே” என்று மாறியிராது. இரண்டாவதில் அடங்கிய மொழித் தூய்மை அன்று அந்த மேடையில் இருந்திருந்தால் தோழி கூட்டம் முடியும்வரை அமர்ந்திருப்பார். ஆக, மருந்து அதிகாரத்தைக் கொண்டு யாரையேனும் குற்றம்சாட்ட வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பும் இருக்கிறது. கொடியிடை, துடியிடை, மின்னிடை என்று இடையின் மெலிவையே பெண்ணழகின் அளவுகோலாக வகுப்பில் ஆண்டுதோறும் விளக்கி வருகிறோம். அது கவிமரபு என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல நாங்களே எத்தனை முறை மறந்திருக்கிறோம்! திரையுலகமோ உடலைப் பெயருக்கு முன்னொட்டாகவே ஆக்கிவிட்டது. குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன் என்று இரு திசையிலும் பெயர்கள் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஆணுக்கு ஒரு சலுகை எஞ்சியிருக்கிறது. குடலிறக்க அறுவை முடிந்து தொந்தியோடு திரும்பும் ஆணை “நல்ல செழிப்பாக இருக்கிறீர்கள்” என்பார்கள். பெண்ணுக்கு அந்தச் செழிப்பு கிடையாது.

உடற்பருமன் நல்லது என்று நாங்கள் வாதிட வரவில்லை. முழங்கால், சர்க்கரை, குருதியழுத்தம் என்று அதற்குக் கொடுக்கும் விலை எங்களுக்குத் தெரியும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். பத்தில் நான்கு பேரைப் பிடித்திருக்கும் ஒன்றைத் தனியொருவரின் வாய்க்கட்டுப்பாட்டுக் குறையாகப் பேசுவது எவ்வகையில் அறிவு? கேலி எடையைக் குறைக்குமென்றால் இந்நேரம் தமிழகம் முழுதும் ஓமக்குச்சிகளாகியிருக்க வேண்டும். கேலி செய்யக்கூடியது வேறொன்று. கேட்டவர் வெளியே வருவதை நிறுத்திக்கொள்கிறார். பூங்காவில் யாரேனும் பார்ப்பார்கள் என்று நடப்பதை நிறுத்துகிறார். தையல் ஆறிய பிறகு அவருக்கு வேண்டிய ஒரே மருந்தை நம் சிரிப்பு பறித்துக்கொள்கிறது.

எங்கள் பக்கத்துக் குற்றங்களையும் சொல்லிவிடுவது நேர்மை. அறுவையை ஓராண்டுக்குச் சாக்காகச் சொன்னவர்கள் எங்களில் உண்டு. மூன்றாம் ஆண்டிலும் சொல்பவர்கள் உண்டு. துயரத்துக்கு முறுக்கைத் துணைக்கு அழைத்தவர்கள் உண்டு. மறுபுறம், ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ விளம்பரத்தை நம்பி, உள்காயம் ஆறும் முன்பே பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவர்களும் உண்டு. ஆறு வாரக் காலத்தில் உடல் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறது. செங்கல்லை நிறுத்தினால் சுவர் எழாது. அந்நாள்களில் செய்ய வேண்டியது எளிமையானது: மருத்துவர் அனுமதித்த அளவில் நாளுக்குச் சிலமுறை பத்துப் பத்து நிமிடம் நடப்பது, நெய்யைக் குறைத்து முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிரைக் கூட்டுவது, எடையை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பது. இடுப்புச் சுற்றளவைக் குறித்து வைப்பது இன்னும் பயன் தரும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

மருத்துவமனைகளிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மாத்திரைகளின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. உணவைப் பற்றி இரண்டு சொற்கள், ஓய்வைப் பற்றி இரண்டு சொற்கள், அவையும் ஆங்கிலத்தில். எத்தனை நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், எதை உண்ணலாம், எடை எவ்வளவு கூடினால் அஞ்ச வேண்டியதில்லை என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, நோயாளியின் கையிலும் சமைப்பவர் கையிலும் ஒவ்வொரு படி தந்தால் என்ன? அந்தப் பக்கத்தை நல்ல தமிழில் எழுதித்தரத் தமிழ்த்துறைகள் முன்வந்தால் என்ன? மேடையில் குறளை மேற்கோள் காட்டுவதைவிட அது வள்ளுவருக்குச் செய்யும் மேலான மரியாதை.

வீடுகளுக்கு எங்கள் கோரிக்கை சிறியது. ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றே கொள்ளுங்கள். நெய்க் கிண்ணத்தோடு வருவதற்குப் பதில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு தெருமுனைவரை நடந்து வாருங்கள். அடுக்களையை இன்னும் மூன்று வாரம் வேறு யாரேனும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு. தோழியை அழைத்திருக்கிறோம், பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் வந்தால் “வாருங்கள், உட்காருங்கள்” என்று சொல்வோம். அன்றைய நூலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்போம். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.