தீபாவளிக்கு நட்டால் உகாதிக்குப் பூண்டு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ரயில் 2014இல் வந்துவிட்டது. தோட்டம் போட இடம்தான் இன்னும் வரவில்லை. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இந்தக் குறுகிய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன வீடுகள். மண் என்று ஒன்று இருந்தால் அது மொட்டை மாடித் தொட்டியில்தான்.

2024 தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. ரசத்துக்கு நாலு பல் தட்டிப் போடுகிற கை இரண்டோடு நின்றது. 'கடையில் வாங்குவானேன், தொட்டியிலேயே வளர்த்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றுவது நியாயமே.

வளரும். ஆனால் பூண்டு குளிரின் பிள்ளை. குளிர் பட்டால்தான் அது பல் பிரியும். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்துக்கும் மணத்துக்கும் மலையின் குளிருக்கும் உள்ள உறவுக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்கு மலைக் குளிர் இல்லை. சென்னையின் புழுக்கமும் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குகின்றன. போதாத குறையை ஃபிரிஜ் தீர்த்து வைக்கும். நடுவதற்கு முன் முழுப் பூண்டை ஒரு மாதம் அதில் வைத்தால் போதும்.

தீபாவளியை ஒட்டி நடவு. பெரிய பல்லாகப் பார்த்து, தோலை உரிக்காமல், கூர் முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். பல்லுக்குப் பல் நான்கு அங்குல இடைவெளி. தொட்டிக்கு எட்டு அங்குல ஆழமும் அரை நாள் வெயிலும் அவசியம். தண்ணீர் தேங்கினால் பல் அழுகிவிடும். இலைப்பேன் வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். நான்கு மாதத்துக்கு மேல், உகாதி நெருங்கும்போது, அடித்தாள்கள் மஞ்சளாகிக் காயும். தண்ணீரை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கி, தாளோடு நிழலில் உலர்த்த வேண்டும்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு பல் ஊன்றினால் ஒரு பூண்டு. ஓரடி அகலத் தொட்டியில் ஒன்பது. ஐந்து தொட்டி நன்றாக விளைந்தால் ஒரு கிலோ தேறும்; மாடியில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. மண், உரச் செலவைச் சேர்த்தால் முதல் வருடம் லாபம் என்று சொல்ல முடியாது. குளிர் போதாத வருடத்தில் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடுவதும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் இதே ஒற்றைப் பூண்டுக்குத் தனி விலை!

பிறகு எதற்கு இந்த வேலை? நட்ட ஒரே மாதத்தில் பச்சைத் தாள் கிடைக்கிறது. குழம்பிலோ முட்டைப் பொரியலிலோ கிள்ளிப் போடலாம். அதைக் காய்கறிக் கடையில் எப்போதும் வாங்க முடியாது. தாளுக்கென்று ஒரு தொட்டியை ஒதுக்கிவிட வேண்டும். எல்லாவற்றிலும் கிள்ளினால் அடியில் பூண்டு பருக்காது.

விளைந்ததில் பெரிய பூண்டு இரண்டை அடுத்த தீபாவளிக்கு எடுத்து வைப்பது வழக்கமாகட்டும். விலை மறுபடியும் ஏறினாலும், விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.