சோலார் ஹீட்டர்: சென்னையில லாபமா?

"வெயில் ஃப்ரீதானே, சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டா கரண்ட் பில் மிச்சம்"னு இஎம்ஐ-ல இறங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போடுங்க.

2 கிலோவாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 360 ரூபாய். சென்னையில வெந்நீர் தேவை மிஞ்சிப்போனா 4 மாசம். வருஷ மிச்சம் 1,440 ரூபாய்தான். ஹீட்டருக்கு ஆகுற செலவு 25,000 ரூபாய்னா, அதை 7 சதவீத எஃப்டி-ல போட்டாலே வட்டி 1,750 ரூபாய். அசலும் பத்திரம்!

அதுவே ஊட்டின்னா வருஷம் முழுக்க வெந்நீர் வேணும். மிச்சம் 4,320 ரூபாய் வரை போகும். மேகமூட்டமான நாட்களைக் கழிச்சாலும் அங்கே வாங்கலாம்.

என் கருத்து இதுதான்: வெயில் எவ்வளவுன்னு பார்க்காதீங்க, வெந்நீர் எத்தனை மாசம் வேணும்னு பாருங்க. வாடகை வீடா? யோசிக்கவே வேண்டாம்.