முன் ஸீட்டா... பின் ஸீட்டா?

பாக்கெட்ல பஸ் பாஸ்தான். ஆனா, கேன்டீன்ல நாம அலசுறது கோடி ரூபா கார்! மெர்சிடிஸ் ஈக்யூஎஸ்ஸா, பிஎம்டபிள்யூ ஐ7-ஆ?

ஈக்யூஎஸ் கரன்ட்டுக்குன்னே பிறந்த கார். டிராக் கோஎஃபிஷியன்ட் 0.20, ஐ7-க்கு 0.24. 'பூ, இவ்வளவுதானா?'ங்கறீங்களா? வேகம் ரெண்டு மடங்கானா, காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு பாஸ்! (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்குத் தெரியும்.) ஹைவேயில சார்ஜைக் குடிக்கிறதே அதுதான்.

ஐ7-க்கு பெட்ரோல் 7 சீரிஸோட அதே உடம்பு. ஆனா, பின் ஸீட்ல சாஞ்சா 31.3 இஞ்ச் திரை கூரையிலேர்ந்து இறங்கும்... தியேட்டரேதான்!

சாக்கன்ல அசெம்பிள் பண்ணின ஈக்யூஎஸ் 580, 2022-ல 1.55 கோடி. இறக்குமதியான ஐ7, 2023-ல 1.95 கோடி. ஓட்டப்போறது நானேங்கறதால என் ஓட்டு ஈக்யூஎஸ்-க்கு. நீங்க பின் ஸீட் பார்ட்டியா? ஐ7 வாங்குங்க... டிரைவர் வேலைக்கு நான் ரெடி!