கெட்டிஸ்பர்க் ஊராரும் போரும்

யுத்த சரித்திரம் பயில்வோர் தளகர்த்தரின் பெயரை நினைவிற் கொள்வர். போர் நிகழ்ந்த ஊரின் கதியை வினவுவார் சிலரே. இது பெருங்குறை என்பது எமது கருத்து.

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்கண், 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 முதல் 3 வரை, பென்ஸில்வேனியாவிலுள்ள கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நடந்தது. அவ்வூர் ஜனத்தொகை ஏறக்குறைய 2,400. சேனைகள் அகன்றபோது ஊரார் கையில் விடப்பட்ட காயம்பட்டோரோ 20,000 பேர்வரை ஆவர். தேவாலயங்களும், வீடுகளும், தானியக் களஞ்சியங்களும் வைத்தியசாலைகளாயின. லுத்தரன் வேதசாஸ்திரக் கலாசாலையும் பென்ஸில்வேனியாக் கல்லூரியும் அவ்வாறே ஆயின. ஊர்ப் பெண்டிர் இருதிறத்தார்க்கும் பணிவிடை புரிந்தனர். பயிர்கள் மிதியுண்டழிந்தன. அங்குச் சுயாதீனராய் வாழ்ந்த கறுப்பின மக்களுட் பலர், தென்பகுதிச் சேனை தம்மைப் பிடித்து அடிமைகளாக்குமென்றஞ்சி முன்னரே ஓடினர். அவருள் திரும்பி வாராதாரும் உளர்.

அடிமைத்தனத்தை ஒழித்த யுத்தமாதலின் ஊரார் துன்பம் சிறிதென்பாரும் உண்டு. நோக்கம் உயர்ந்ததாயின், அதன் விலையைச் செலுத்தினோர் யாவரையும் கணக்கிற் சேர்த்தலே நீதி. அவ்வாண்டு நவம்பர் 19-இல் லிங்கன், மாண்ட வீரரைப் போற்றி உரையாற்றினார், அது தக்கதே. ஆயின், புண்பட்டோரைப் பல வாரங்கள் பேணிய ஊராரும் போற்றற்குரியரன்றோ? வகுப்பறைகளே வைத்தியசாலையான ஒரு கல்லூரியின் வரலாற்றைக் கல்லூரி மாணவராகிய நாம் மறத்தல் தகாது.