முத்திரையை நம்பி ஏறலாமா?

வலியசாலையிலும் அதை ஒட்டிய சாலை பஜாரிலும் கரமனையிலும் பிழைப்பு நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை வேனில் ஏறாமல் ஆண்டைக் கழிப்பது அரிது. குலதெய்வக் கோயில் கொடை, ஊரில் கல்யாணம், பழனிப் பயணம், திடீரென்று வரும் சாவுச் செய்தி எதுவானாலும் பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியே இரவோடு இரவாகப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. வாடகை எவ்வளவு என்று பத்து முறை பேரம் பேசுகிறவர்கள், வண்டிக்கு எப்.சி. இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டால் அதுவே பெரிது. "இருக்கிறது" என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு என்பதே இன்றைய கேள்வி.

2024 டிசம்பர் 23ஆம் தேதி, கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்கு அருகே கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வண்டியின் தளத்தில் இருந்த துவாரம் வழியாக உள்ளே புகுந்ததே சாவுக்குக் காரணம் என்று நிபுணர் குழு சோதித்துக் கண்டறிந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். இறந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள்.

கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாங்குவோருக்கு மானியமும் தருவதாகச் சொன்னது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை கொண்ட வண்டிகள் ஓடத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அவை பழைய வண்டிகளாகக் கை மாறுவது இயற்கை. அவற்றை ஓட்டப்போகிறவர்களிலும், கழுவித் துடைத்து அவற்றிலேயே படுத்து உறங்கப்போகிறவர்களிலும் பிழைப்புக்காக வந்த நம்மவர்கள் இருப்பார்கள். ஆகவே இது பணக்காரர் விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்கிறார்? பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன், கண்ணாடி, வைப்பர், சைலன்ஸர், புகை ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின் பட்டியலில் உண்டு. படுக்கும் அறையில் காற்று வர வழி இருக்கிறதா, ஜெனரேட்டர் புகை எங்கே போகிறது, காஸ் குழாய் கசிகிறதா என்பவை அதில் இல்லை. சக்கரத்துக்கு மேலே இருக்கும் வீட்டைச் சோதிக்க ஆளில்லை.

பட்டியலில் உள்ளதையாவது முழுக்க நம்பலாமா என்றால், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. சான்று என்பது அந்த ஒரு நாளின் சாட்சி. வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் சோதனை. எப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுகிற வித்தை பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. 2022 அக்டோபர் 5ஆம் தேதி இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பஸ் ஒன்று அரசு பஸ்ஸின் பின்னால் மோதி, மாணவர் ஐவர் உள்பட ஒன்பது பேர் மாண்டார்கள். பஸ்ஸின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தது பிறகுதான் அம்பலமாயிற்று. சோதனைக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் நடப்பதை எந்த முத்திரையும் தடுக்காது.

சொந்த உபயோகத்துக்கென்று பதிவான கேம்பர் வேனின் நிலை இன்னும் மோசம். சட்டப்படி அது போக்குவரத்து வாகனம் அல்ல. முதல் பதிவுக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் எந்தத் தகுதிச் சோதனையும் கிடையாது. பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுகிறவர்களும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது; பட்டறையில் வெல்டிங் நெருப்பும் அணையவில்லை.

மனிதர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுவதற்குப் பதிலாக, இயந்திரம் அளந்து சொல்லும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. நிலையம் நடத்துகிறவர் வண்டி ரிப்பேரோ விற்பனையோ செய்யக் கூடாது என்பது அதில் உள்ள நல்ல நிபந்தனை. ஆனால் இயந்திரமும் தன் முன்னே நிறுத்தியதைத்தான் அளக்கும். அளக்கச் சொல்லாததை அளக்காது.

பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி எண்ணைத் தந்தால், அது எந்த ஆண்டு சோதனையில் தவறியது, என்ன குறை கண்டார்கள், எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பதை யாரும் பார்க்கலாம். வாங்குகிறவன் ஏமாறுவது குறைகிறது. அங்கும் ஆண்டுச் சோதனை காரவனின் அறைப் பகுதியை முழுக்கப் பார்ப்பதில்லை. காஸ், மின்சாரம், ஈரக் கசிவு ஆகியவற்றைத் தனியே பரிசோதிக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. இங்கே பரிவாகன் தளத்தில் எப்.சி. எந்தத் தேதி வரை என்று தெரிகிறது. தேதி தெரிந்து என்ன பயன்? குறை தெரிய வேண்டாமா?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. சோதனையில் கண்ட குறைகளை வண்டி எண்ணோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தூங்கும் வசதியுள்ள எல்லா வண்டிக்கும், சொந்த உபயோக வண்டி உள்பட, அறைப் பகுதிச் சோதனையையும் விஷவாயு எச்சரிக்கைக் கருவியையும் கட்டாயமாக்க வேண்டும். கை மாறும்போது பெயர் மாற்றத்துக்கு முன் ஒரு புதுச் சோதனை நடக்க வேண்டும்.

அதுவரை மக்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் வகையும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். விற்பவரின் மெக்கானிக்கை விட்டுத் தங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துப் போகட்டும். தமிழ்நாட்டு எண் வண்டியானால் தடையில்லாச் சான்று, கடன் தீர்ந்ததற்கான கடிதம் இரண்டையும் கேட்கட்டும். வாடகைக்குப் பேசுகிறவர்கள் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். வண்டியில் வேலை பார்க்கிறவர்கள் என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது கதவை அடைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

வடகரைச் சாவுகளுக்குப் பின் விசாரணை நடந்தது, காரணமும் தெரிந்தது. காரணம் தெரிந்த பிறகும் சோதனைப் பட்டியலில் ஒரு வரி சேரவில்லை என்றால், அடுத்த சாவை விதியின் மேல் போட்டுத் தப்பிக்க யாருக்கும் உரிமை கிடையாது.