கொக்கி முன்னால் இருக்கட்டும்
ஆகஸ்ட் முதல் வாரம், அதாவது தாய்ப்பால் வாரம், வந்தால் பத்திரிகைகளில் சீம்பாலின் மகிமை நிரம்பி வழிகிறது. பால் கொடுப்பவள் என்ன உடுத்துவாள் என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். கல்யாண மண்டபத்தில் பாருங்கள்: முதுகில் கொக்கியும் நாடாவும் குஞ்சமுமாக ஆரி வேலை ரவிக்கையில் உட்கார்ந்திருப்பாள் ஒரு கைக்குழந்தைக்காரி. பிள்ளை வீறிட்டதும் கொக்கியைக் கழற்ற ஒருத்தி, சேலையைப் பிடிக்க ஒருத்தி என்று மணமகள் அறைக்கு ஒரு படையே கிளம்பும். முந்தானையில் குத்திய ஊக்கு வேறு, சரியாகக் குழந்தையின் கன்னத்துக்கு நேராக. பாட்டிமார்களின் நூல்சேலைக்கு இந்தத் தொல்லையே இல்லை; ரவிக்கையின் முன்பக்கத்தில் கீழ்க்கொக்கி இரண்டைக் கழற்றினால் போதும், மூடிக்கொள்ள முந்தானை இருக்கவே இருக்கிறது. இப்போது வீட்டில் அந்த வேலையை இருபுறமும் ஜிப் வைத்த நைட்டி செய்கிறது. (நைட்டியைக் கேலி செய்யும் ஆண்கள் யாரும் பால் கொடுத்தவர்கள் அல்லர்.) 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களுக்குப் பாலூட்டும் அறைகள் வந்தன, நல்லது; ஆனால் ஓடுகிற பேருந்தில் உடுப்புதான் அறை. ஆகவே சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது மடிப்புக்குள் மறைவாக ஜிப் வைக்கச் சொல்லுங்கள். பால் கசிந்தாலும் தெரியாத பூப்போட்ட பருத்தித் துணியாக எடுங்கள். விசேஷ ரவிக்கைக்கும், தையல்காரர் என்ன சொன்னாலும், கொக்கி முன்னாலேயே இருக்கட்டும்.